மைக்ரோகிளியாவின் ட்ரெம்-2 புரதம்: அல்சைமர் நோயில் அதைத் தூண்ட வேண்டுமா, அடக்க வேண்டுமா?

கேள்வி: பொன்னிக்கரை

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறேன். என் தாயாருக்கு 74 வயதாகிறது. அவருக்கு வந்திருப்பது அல்சைமர் நோயின் தொடக்கநிலை என்று நரம்பியல் மருத்துவர் சென்ற ஆண்டு உறுதிசெய்தார். அதுமுதல் அந்நோயைப் பற்றிக் கைக்குக் கிடைப்பதையெல்லாம் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒரு முரண்பாடு மனத்தை விடாமல் உறுத்துவதால், இத்துறையை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிய விரும்புகிறேன்.

மூளையில் உண்டாகும் அழற்சியே நரம்பு செல்களை அழிக்கிறது என்றும், ஆகவே மூளையின் நோயெதிர்ப்புச் செல்களாகிய மைக்ரோகிளியாவை அடக்கிவைக்க வேண்டும் என்றும் சில கட்டுரைகள் சொல்கின்றன. வேறு சில கட்டுரைகளோ, அதே மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் ட்ரெம்-2 என்றொரு புரதம் இருக்கிறது, அது சரியாக வேலை செய்யாதவர்களுக்கே அல்சைமர் வரும் வாய்ப்பு மிகுதி, எனவே அதைத் தூண்டும் மருந்துகளைத்தான் தேட வேண்டும் என்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும்? அந்தப் புரதத்தின் உண்மையான வேலை என்ன? அது நோயை உண்டாக்குகிறதா, அல்லது நோய் வந்தபின் அதை எதிர்த்து நிற்கிறதா?

இத்துடன் நடைமுறை சார்ந்த இரண்டு ஐயங்களும் உண்டு. குடும்பத்தில் எல்லோரும் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டால் யாருக்கு இந்நோய் வரும் என்று முன்னதாகவே தெரிந்துவிடும் என்று என் தம்பி சொல்கிறான். உறவினர் ஒருவர், நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி ஒரு சூரணத்தை அம்மாவுக்குத் தரும்படி வற்புறுத்துகிறார். இவ்விரண்டிலும் நான் என்ன முடிவெடுப்பது? செல் உயிரியல் அடிப்படைகள் எனக்குத் தெரியும் என்பதால் விரிவாகவே விளக்கலாம்.

மறுமொழி 1: கிளியா ஆய்வாளர்

வணக்கம் அம்மா. நரம்பியல் சார்ந்த நோயெதிர்ப்புத் துறையில் ஆய்வு செய்பவன் என்ற முறையில், உங்கள் முதல் கேள்விக்கு விரிவாக விடையளிக்கிறேன். நடைமுறை ஐயங்களை இங்குள்ள மருத்துவர்கள் தீர்ப்பதே முறை.

மைக்ரோகிளியாவைத் தனியொரு செல்வகையாக 1919இல் அடையாளம் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்தேகா. மூளையின் மற்ற செல்களோடு இவை பிறப்பால் உறவு உடையன அல்ல. கரு வளர்ச்சியின் மிகத் தொடக்கத்தில், கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றும் முன்னோடிச் செல்கள் மூளைக்குள் குடியேறி மைக்ரோகிளியாவாக முதிர்கின்றன என்பது 2010இல் எலிகளில் நிறுவப்பட்டது. இறந்த செல்களையும், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு உறையாகிய மயலின் சிதைந்தால் அதையும், தேவையற்ற நரம்பிணைப்புகளையும் விழுங்கி அகற்றுவது இவற்றின் அன்றாட வேலை. ஒரு வேலையும் இல்லாதபோதுகூட இவை தம் மெல்லிய கிளைகளை ஓயாமல் நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டே இருக்கின்றன.

அப்படித் துழாவும்போது பயன்படும் ஏற்பிகளுள் ஒன்றுதான் ட்ரெம்-2. நம் ஆறாவது குரோமோசோமில் உள்ள மரபணு ஒன்றிலிருந்து உருவாகும், 230 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம் இது. செல் சவ்வில் ஊன்றி நின்று, தன் வெளிப்பகுதியால் கொழுப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்கிறது. இறக்கும் செல்லின் சவ்வில் வெளிப்படும் பாஸ்போலிப்பிடுகள், மயலின் சிதைவில் வெளியாகும் கொழுப்புகள், கொலஸ்டிராலைச் சுமந்துசெல்லும் ஏபோ-ஈ புரதம், அல்சைமர் நோயில் மூளையில் படிவாகச் சேரும் அமிலாய்டு பீட்டா புரதம் ஆகிய எல்லாமே இதனோடு பிணைகின்றன. செல்லுக்குள் செய்தியை அனுப்பும் உறுப்பு ட்ரெம்-2இடம் கிடையாது. அதற்கு டாப்-12 என்ற துணைப்புரதத்தை அது சார்ந்திருக்கிறது. டாப்-12 வழியாகச் செய்தி உள்ளே சென்றதும் மைக்ரோகிளியா இடம்பெயர்கிறது, பெருகுகிறது, விழுங்குகிறது, விழுங்கியதைச் செரிக்கத் தேவையான ஆற்றலையும் திரட்டிக்கொள்கிறது.

இப்புரதம் மூளைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை முதலில் காட்டியது அல்சைமர் அன்று. மிக அரிதான வேறொரு நோய். 1970களின் தொடக்கத்தில் ஃபின்லாந்தில் ஹக்கோலாவும் ஜப்பானில் நாசுவும் தனித்தனியே விவரித்த அந்நோய் இன்று நாசு-ஹக்கோலா நோய் எனப்படுகிறது. இருபது வயதுகளில் கை, கால் எலும்புகளில் நீர்க்கட்டிகள் தோன்றிச் சிறு அடிக்கும் எலும்பு முறியத் தொடங்கும். முப்பது வயதுகளில் நடத்தை மாறும்; பின்னர் மறதிநோய் முற்றி, பெரும்பாலோர் ஐம்பது வயதையொட்டி இறந்துவிடுவார்கள். எலும்புக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 2000இல் ஃபின்லாந்து நோயாளிகளிடம் டாப்-12 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகியிருப்பது கண்டறியப்பட்டது. 2002இல், டாப்-12 பழுதில்லாத குடும்பங்களில் ட்ரெம்-2 மரபணு பழுதாகியிருப்பது தெரியவந்தது. எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்லும் மைக்ரோகிளியாவும் விழுங்கும் செல்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே இந்த ஏற்பியைப் பயன்படுத்துகின்றன. புதிருக்கு விடை அதில் இருந்தது.

எனக்கு இந்த நோயின் பாடம் மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. அமிலாய்டும் இல்லை, வெளியிலிருந்து கிருமியும் வரவில்லை. நோயெதிர்ப்புச் செல்லின் ஒரே ஒரு ஏற்பி இல்லாமல் போனதால் மட்டுமே ஒரு மனிதரின் மூளை நாற்பது வயதுக்குள் சிதைந்துவிடுகிறது. அழற்சியை அடக்கினால் மூளை காக்கப்படும் என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்நோயைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அல்சைமரோடு தொடர்பு வெளிப்பட்டது அடுத்த பத்தாண்டில். ஐஸ்லாந்து மக்கள் 2,261 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த டிகோட் நிறுவனத்தின் குழுவும், லண்டனில் ஜான் ஹார்டி உள்ளிட்ட பன்னாட்டுக் குழுவும் 2013 ஜனவரியில் ஒரே மருத்துவ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டன. ட்ரெம்-2இன் 47ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் அமைந்துவிட்டால், அந்த மாற்றத்தின் ஒரே பிரதியைச் சுமப்பவருக்கும் முதுமையில் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது என்பதே இரு குழுக்களும் கண்டது. நெடுநாளாக நாம் அறிந்திருந்த ஏபோ-ஈ4 மரபணுவின் ஒரு பிரதி உண்டாக்கும் இடருக்கு இது ஒப்பானது. கொழுப்புகளைப் பற்றும் இடத்தில் இந்த மாற்றம் நேர்வதால் பிணைப்பு தளர்கிறது; புரதம் முற்றிலும் இல்லாமல் போவதில்லை, ஆனால் அதன் திறன் குறைகிறது.

திறன் குறைந்தால் மூளையில் என்ன நடக்கிறது என்பதை எலி ஆய்வுகளும், இந்த மாற்றத்தைச் சுமந்து இறந்தவர்களின் மூளைத் திசுக்களும் ஓரளவு தெளிவாகவே காட்டுகின்றன. இயல்பான நிலையில் மைக்ரோகிளியாக்கள் அமிலாய்டு படிவை நெருங்கி, பயிரைச் சுற்றி முள்வேலி கட்டுவதுபோல அதைச் சூழ்ந்து நின்று இறுக்கமான உருண்டையாக்கிவிடுகின்றன. ட்ரெம்-2 குறைபட்டால் அந்த வேலி விழுகிறது. படிவின் ஓரங்கள் சிலும்பிப் பரவுகின்றன. அருகிலுள்ள நரம்பிழைகள் வீங்கிச் சிதைகின்றன. 2017இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஈடோ அமித், மிகால் ஷ்வார்ட்ஸ் குழுவினர் ஒவ்வொரு செல்லின் மரபணுச் செயல்பாட்டையும் தனித்தனியே அளந்து, படிவைச் சூழும் மைக்ரோகிளியா இரண்டு படிகளில் உருமாறுகிறது என்று காட்டினர். முதல் படிக்கு ட்ரெம்-2 தேவையில்லை. இரண்டாம் படிக்கு அது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் செல் நடுவழியிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே, ட்ரெம்-2 நோயை உண்டாக்குகிறதா, எதிர்க்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு என் விடை இது: அமிலாய்டு தொடர்பான கட்டத்தில் அது எதிர்த்து நிற்கும் புரதம். அதற்கு அப்பால் நிலைமை சிக்கலாகிறது. அதைப் பிறரும் விளக்குவார்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழி 2: நரம்பியல் மருத்துவர்

பொன்னிக்கரை அவர்களுக்கு வணக்கம். உங்கள் தாயாரின் நிலை அறிந்து வருந்துகிறேன். தொடக்கநிலையிலேயே கண்டறியப்பட்டிருப்பதால் அவருடன் சேர்ந்து முடிவுகள் எடுக்க உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

முதலில் அழற்சியை அடக்குவது பற்றி. மூட்டுவாத நோயாளிகளிடம் அல்சைமர் குறைவாகக் காணப்படுகிறது என்ற செய்தி 1990களில் பெரும் நம்பிக்கையை விதைத்தது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட அழற்சி நீக்கி மாத்திரைகளே காரணமாக இருக்கலாம் என்று பலரும் கருதினார்கள். அதைச் சோதிக்க அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய ஒரு பெரிய பரிசோதனையில், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ மறதிநோய் இருந்த, 70 வயது கடந்தவர்களுக்கு நேப்ராக்சன் அல்லது செலிகாக்சிப் தரப்பட்டது. இதயப் பாதுகாப்பு குறித்த கவலையால் 2004 டிசம்பரில் மருந்து தருவது நிறுத்தப்பட்டது. அல்சைமரைத் தடுக்கும் பயன் எதுவும் அதில் தெரியவில்லை. எனவே, அம்மாவுக்கு அழற்சி நீக்கி மாத்திரைகளை மறதிக்காகத் தரலாம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். முதியவர்களின் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் இதயத்துக்கும் அவை செய்யும் தீங்கு உறுதியானது. மூளைக்குச் செய்யும் நன்மை நிறுவப்படவில்லை.

அடுத்து, தம்பியின் யோசனை. முன்னர் எழுதியவர் குறிப்பிட்ட 47ஆம் இட மாற்றம் ஐரோப்பிய மரபினரிடையே கூட நூற்றுக்கு ஒருவரிலும் குறைவாகவே காணப்படுகிறது; கிழக்கு ஆசிய மக்களிடம் அது ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். இருப்பதாகத் தெரிந்தாலும் அது இடரைக் கூட்டுகிறதே தவிர, நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை. அதைச் சுமந்துகொண்டு முதுமையெய்தியும் மறதிநோய் வராதவர்கள் உண்டு. இல்லை என்று தெரிந்தாலும் நோய் வராது என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டு முடிவுகளில் எது வந்தாலும், இன்றைய நிலையில் உங்கள் தாயாருக்கோ உங்களுக்கோ அளிக்கும் சிகிச்சை மாறப்போவதில்லை. மாறாத ஒன்றுக்காகக் குடும்பம் முழுவதும் அச்சத்தைச் சுமப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அதை அழுத்திச் சொல்கிறேன். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் ஒருவருக்கு நடத்தை மாற்றமும் மறதியும் தொடங்கி, அதற்கு முன் கணுக்கால், மணிக்கட்டுப் பகுதிகளில் காரணமற்ற வலியோ எலும்பு முறிவோ இருந்திருந்தால், நாசு-ஹக்கோலா நோயை எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் அந்நோய் தோன்றும் என்பதால், உறவுமுறைத் திருமணம் இன்றும் வழக்கில் உள்ள தமிழ்நாட்டில் இதை மருத்துவர் நினைவில் வைத்திருப்பது தேவை. எலும்புக் குறை எதுவுமின்றி நடத்தை மாற்றத்தோடு மட்டும் ட்ரெம்-2 பழுது வெளிப்பட்ட குடும்பங்கள் துருக்கியில் பதிவாகியுள்ளன. இத்தகைய இளவயது நோயாளிகளுக்கு மரபணு ஆலோசனையும் பரிசோதனையும் பொருளுள்ளவை. 74 வயதில் தொடங்கிய உங்கள் தாயாரின் நோய் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

சூரணத்தைப் பொறுத்தவரை, நோய் எதிர்ப்புச் சக்தி என்பது கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒற்றை அளவு கிடையாது என்பதை விலங்கியல் ஆசிரியையாகிய நீங்களே அறிவீர்கள். மைக்ரோகிளியாவின் ஓர் ஏற்பியை உணவுப் பொடி எதுவும் குறிவைத்துத் தூண்டுவதாகச் சான்று இல்லை. சில பொடிகளில் உலோகங்கள் கலந்திருப்பதும், அம்மா ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளோடு அவை முரண்படுவதும் உண்டு. உறவினரின் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். அம்மாவின் செவித்திறனையும் பார்வையையும் பரிசோதியுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் மிகுந்தால் அதை நோயின் வளர்ச்சி என்று எண்ணிவிடாமல், சிறுநீர்த்தொற்று போன்ற காரணம் உண்டா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்: பொன்னிக்கரை

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மரபணுப் பரிசோதனை வேண்டாம் என்று தம்பியிடம் இன்றே சொல்லிவிடுகிறேன், சூரணத்தையும் மறுத்துவிடுகிறேன்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. ட்ரெம்-2 எதிர்த்து நிற்கும் புரதம் என்றால், அதைத் தூண்டும் மருந்து பயன் தந்திருக்க வேண்டும். அப்படியொரு மருந்து மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுத் தோற்றுவிட்டது என்று படித்தேன். அது உண்மையா? உண்மையென்றால் இந்த விளக்கமே தவறாகிவிடாதா?

மறுமொழி 3: மருந்தியல் ஆய்வு மாணவி

உண்மைதான். ஏஎல்002 என்று பெயரிடப்பட்ட அந்த எதிர்ப்பொருளை (ட்ரெம்-2ஐ மட்டும் தேடிப் பற்றும் புரத மருந்தை) உருவாக்கியது அமெரிக்காவின் அலெக்டர் நிறுவனம். தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகள் 381 பேர் கலந்துகொண்ட இரண்டாம் கட்டப் பரிசோதனையில், மூன்று வெவ்வேறு அளவுகளில் மருந்தும், ஒரு குழுவுக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. 2024 நவம்பரில் வெளியான முடிவின்படி, நோயின் வளர்ச்சி எந்த அளவிலும் குறையவில்லை. பெட் ஸ்கேனில் அமிலாய்டும் குறையவில்லை. மூளையில் வீக்கமும் நுண்கசிவும் சிலருக்கு ஏற்பட்டன. அதனால் ஏபோ-ஈ4 மரபணுவின் இரு பிரதிகளையும் உடையவர்களுக்குப் பரிசோதனையின் இடையிலேயே மருந்து நிறுத்தப்பட்டது.

இந்தத் தோல்வியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில், முதல் மறுமொழி எழுதியவர் நம்புவதைவிட நான் சற்று ஐயப்பாட்டுடன் இருக்கிறேன். மருந்து மூளையைச் சென்றடையவில்லை என்று சொல்ல முடியாது. ட்ரெம்-2இன் வெளிப்பகுதியைச் சில நொதிகள் வெட்டிவிடும்போது அது கரைந்த வடிவில் மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதக்கிறது. அந்தக் கரைந்த ட்ரெம்-2 இம்மருந்தால் குறைந்தது; அதாவது மருந்து தன் இலக்கைப் பற்றியிருக்கிறது. பற்றியும் பயனில்லை என்பதே இங்கு ஆழ்ந்து கவனிக்க வேண்டியது.

கரைந்த வடிவத்தைப் பற்றி நாம் முன்பு அறிந்திருந்ததும் இங்கே பொருத்தமானது. அது தண்டுவடத் திரவத்தில் உயர்வது அமிலாய்டு படிந்த பின்னர். மரபுவழி அல்சைமர் குடும்பங்களில், நோய் வெளிப்படும் என்று எதிர்பார்க்கப்படும் காலத்துக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே அந்த உயர்வு தெரிகிறது. மியூனிக்கில் கிறிஸ்டியன் ஹாஸ் குழுவினரும் பிறரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமரில் திரளும் மற்றொரு புரதமாகிய டௌவின் அளவோடு ஒப்பிடக் கரைந்த ட்ரெம்-2 மிகுந்திருந்தவர்களின் நினைவாற்றல் மெதுவாகவே குறைந்தது. அப்படியென்றால், கரைந்த வடிவத்தைக் குறைத்த மருந்து ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்ததா என்ற கேள்வி எழுகிறது. அது இன்னும் தீர்க்கப்படாத கேள்வி.

இதைவிட முக்கியமானது டௌ. அல்சைமரில் முதலில் அமிலாய்டு செல்களுக்கு வெளியே படிகிறது. பல ஆண்டுகள் கழித்து டௌ புரதம் நரம்பு செல்களுக்குள் முடிச்சுகளாகத் திரள்கிறது. நினைவிழப்பு நெருக்கமாகத் தொடர்வது டௌவை. டௌ முடிச்சுகள் மட்டும் தோன்றும்படி மாற்றப்பட்ட எலிகளில் ட்ரெம்-2ஐ நீக்கியபோது மூளைச் சுருக்கம் குறைந்தது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, அங்கே ட்ரெம்-2 தீங்கு செய்தது. ஆனால் அமிலாய்டும் உடன் இருக்கும்போது ட்ரெம்-2 இல்லாவிட்டால், படிவுகளைச் சுற்றி டௌ எளிதில் பரவியது. அது இருந்தால் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டலாமா என்றால், அதுவும் முடியாது. அமிலாய்டு உள்ள எலிகளில் ட்ரெம்-2ஐ நீண்டகாலம் தொடர்ந்து தூண்டியபோது டௌ பரவல் மிகுந்தது என்று 2023இல் வேறோர் ஆய்வு வெளியானது. அதில் பயன்பட்டது ஏஎல்002இன் எலிகளுக்கான முன்வடிவம் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, உங்கள் தாயார் போன்ற நோயாளிகளிடம் அறிகுறி தோன்றும்போதே அமிலாய்டு ஏறத்தாழ உச்சத்தை எட்டியிருக்கும், டௌ பரவத் தொடங்கியிருக்கும். அந்தக் கட்டத்தில் மைக்ரோகிளியா ஏற்கெனவே பல ஆண்டுகள் ட்ரெம்-2ஐ முழு அளவில் பயன்படுத்திக் களைத்த நிலையில் இருக்கக்கூடும். மேலும் தூண்டுவது வீணாகலாம், தீங்காகவும் முடியலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் தேவைப்பட்ட உதவியை இன்று தந்து, பயனில்லை என்று சொல்கிறோமோ என்பது என் கருத்து. ஆனால் அறிகுறியே இல்லாத ஐம்பது வயதினருக்கு இத்தகைய மருந்தைப் பல ஆண்டுகள் தருவதற்குரிய பாதுகாப்புச் சான்று இன்று நம்மிடம் இல்லை.

நேரத்தை மட்டும் காரணம் காட்டுவதும் போதாது. மைக்ரோகிளியாவின் வாழ்வுக்கே தேவையான வேறொரு ஏற்பி பழுதாவதால் நடுவயதில் மூளையின் வெண்பகுதி அழியும் ஓர் அரிய நோய் உண்டு. அந்தக் குறையை ட்ரெம்-2ஐத் தூண்டி ஈடுசெய்யலாம் என்று நம்பி வேறொரு எதிர்ப்பொருள் சோதிக்கப்பட்டது. அதுவும் பயன் தரவில்லை என்று 2025இல் தெரிந்தது. விலங்குகளிடம் அழகாகப் பொருந்திய கருத்து மனிதரிடம் இரண்டு முறை பொருந்தாமல் போனதை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

மறுமொழி 4: கிளியா ஆய்வாளர்

ஆய்வு மாணவி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரே இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். ஏஎல்002இன் தோல்வி, அந்த எதிர்ப்பொருளை அந்தக் கட்டத்தில் அந்த முறையில் தருவது பயனில்லை என்பதைக் காட்டுகிறது. ட்ரெம்-2 காக்கும் புரதம் என்ற முடிவு அந்த மருந்தின்மேல் எழுப்பப்பட்டதன்று. பிறவியிலேயே அதன் திறன் குறைந்த மனிதர்களின் மரபணுச் சான்றின்மேல் எழுப்பப்பட்டது. அவர்களுக்கு அந்தக் குறை கருவிலிருந்தே இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் இருந்த குறையின் விளைவை, முதுமையில் இரண்டாண்டுகள் தந்த மருந்தால் திருப்பிவிட முடியும் என்று எதிர்பார்த்ததே மிகையான எதிர்பார்ப்பு. மரபணுச் சான்று, காரணத்தைச் சொல்லும். எந்த வயதில் தலையிட்டால் பலன் கிட்டும் என்பதைச் சொல்லாது.

இன்னொரு செய்தியையும் சேர்க்க விரும்புகிறேன். லெகனெமாப் என்ற அமிலாய்டு எதிர்ப்பொருள் தொடக்கநிலை நோயாளிகளிடம் 18 மாதங்களில் நோயின் வளர்ச்சியை ஏறத்தாழ 27 விழுக்காடு மெதுவாக்கியதால், 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. அந்தப் பலன் நோயாளியின் குடும்பம் கண்ணால் காணும் அளவுக்குப் பெரியதா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஆனால் அந்த மருந்து அமிலாய்டைத் தானே கரைத்துவிடுவதில்லை. படிவின்மேல் ஒட்டிக்கொண்டு, இதை அகற்று என்று மைக்ரோகிளியாவுக்கு அடையாளம் காட்டுகிறது, விழுங்குவது மைக்ரோகிளியாதான். மைக்ரோகிளியாவை ஒட்டுமொத்தமாக அடக்கிவிட்டால் இன்று ஓரளவேனும் பலன் தரும் அந்த ஒரு வழியும் அடைபட்டுவிடும். விழுங்கிய கொழுப்பைச் செரித்து வெளியேற்றும் வேலையில் ட்ரெம்-2இன் பங்கு பெரியது என்பதை, மயலின் சிதைக்கப்பட்ட எலிகளில் செய்த ஆய்வுகளும் காட்டுகின்றன. அந்த எலிகளில் ட்ரெம்-2 இல்லாத மைக்ரோகிளியா மயலின் குப்பையை அகற்றத் தவறியது. கொலஸ்டிரால் எஸ்டர்கள் உள்ளேயே தேங்கின. இது மயலின் உறை அழியும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோய்க்கும் பொருந்தக்கூடும். 1907இல் அல்சைமர் தம் முதல் நோயாளியின் மூளையைப் பற்றி எழுதியபோது கிளியா செல்களில் கொழுப்பு நிறைந்திருப்பதைக் குறித்திருந்தார். நூறாண்டுகளுக்கும் மேலாக அந்த ஒரு வரியை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அம்மா, உங்கள் முதல் கேள்வியில் இருந்த முரண்பாடு இப்போது ஓரளவு விலகியிருக்கும் என்று எண்ணுகிறேன். அழற்சி என்ற ஒரே பெயரால் நாம் அழைப்பவற்றுள், குப்பையை அகற்றும் பணியும் உண்டு, அடங்காமல் நீடித்து நரம்பிணைப்புகளைத் தின்னும் செயலும் உண்டு. முன்னதை ட்ரெம்-2 நடத்துகிறது. பின்னதிலும், டௌ முற்றிய கட்டத்தில், அதற்கு ஏதோவொரு பங்கு இருக்கிறது.

மறுமொழி 5: நரம்பியல் மருத்துவர்

ஒரு சிறிய சேர்க்கை. ட்ரெம்-2ஐத் தூண்டும் முயற்சி முற்றிலும் கைவிடப்படவில்லை. எதிர்ப்பொருளுக்குப் பதிலாக வாய்வழி உட்கொள்ளத்தக்க சிறிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கிய நிறுவனத்தை 2025இல் சனோஃபி விலைக்கு வாங்கியது. கரைந்த வடிவத்தை அது எதிர்ப்பொருளைப்போலப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை என்பதே அதன்மீது வைக்கப்படும் நம்பிக்கை. மனிதரிடம் பயன் தருமா என்பதைப் பரிசோதனைகள்தாம் சொல்ல வேண்டும். அதுவரை இந்தப் பெயரைச் சொல்லி யாரேனும் உங்களிடம் மருந்தோ ஊசியோ விற்க முன்வந்தால், எந்த விலையிலும் வாங்காதீர்கள்.

அமிலாய்டு எதிர்ப்பொருள்களைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேச விரும்பினால், அதற்கு முன் அம்மாவின் எம்ஆர்ஐ படங்களையும், அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதேனும் உட்கொள்கிறாரா என்ற விவரத்தையும் கையில் வைத்திருங்கள். அந்தச் சிகிச்சைக்கு ஏபோ-ஈ மரபணுப் பரிசோதனை மட்டும் உண்மையிலேயே தேவைப்படும். ஏபோ-ஈ4இன் இரு பிரதிகளும் உள்ளவர்களுக்கு மூளை வீக்கமும் கசிவும் வரும் இடர் மிகுதி என்பதால், அதைத் தெரிந்துகொள்ளாமல் அம்மருந்தைத் தொடங்கக் கூடாது. நான் முன்னர் வேண்டாம் என்று சொன்னது ட்ரெம்-2 பரிசோதனையைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று தம்பியிடமும் சொல்லுங்கள்.